சிதம்பரனாரை எந்தச் சாதிக்கு எழுதிவைத்தீர்கள்?

தென்மாவட்டங்களில் காலண்டர் சாதிவாரியாக அச்சாகிறது. ஜூலை 11 அழகுமுத்துக்கோன், ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன், செப்டம்பர் 1 பூலித்தேவன், செப்டம்பர் 5 வ.உ.சி., செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன், அக்டோபர் 30 பசும்பொன். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கொடி, ஒரு வண்ணம், ஒரு பாட்டு கேசட் (இப்போது ரிங்டோன்), ஒரு காவல்துறைப் பந்தோபஸ்து. வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவரும், சாதி ஆதிக்கத்தை எதிர்த்ததற்காகச் சக இந்தியனால் வெட்டிக் கொல்லப்பட்டவரும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கிறார்கள். எந்தத் தேதிக்கு எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்பே மனப்பாடமாகிவிடும்.

இந்தப் பட்டியலில் செப்டம்பர் 5-ஐப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆழ்வார்திருநகரியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் சாலையில் அந்த வாரம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கோட்டும் தலைப்பாகையுமாக வ.உ.சி. ஃப்ளெக்ஸில் நிற்பார். அவர் பெயரில் 'பிள்ளை' என்ற மூன்று எழுத்து மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். கீழே தீப்பெட்டி அளவில் முப்பது முகங்கள். கப்பல் ஒன்று கட்டாயம் உண்டு. கோரல் மில் எங்கேயும் இருக்காது.

நான் காலனியக் காலத் தமிழ் இதழ்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வ.உ.சி.யைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். தேநீர் இடைவேளையில் வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் தோளில் கைபோட்டார். "தம்பி பிரமாதமா பேசினீங்க. எந்த ஊரு?" சொன்னேன். "அட, நம்மாழ்வார் ஊரு! அங்க எந்தத் தெரு?" சொன்னேன். கை மெல்லத் தோளை விட்டு இறங்கியது. "அப்படியா, சரி சரி. அப்புறம் எதுக்குப் பிள்ளைவாள் மேல இவ்வளவு அக்கறை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுத வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஏன் அக்கறை என்று அவருக்குச் சொல்லியிருந்தால் இடைவேளை முடிந்திருக்கும். இங்கே சொல்கிறேன். அவருக்கு மட்டுமல்ல, 'வ.உ.சி.யா? சைவ வேளாளர், ஆதிக்க சாதி, சுதேசி முதலாளி, நமக்கென்ன' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகும் நம் தோழர்களுக்கும் சேர்த்து. அந்தப் பெரியவரும் நம் தோழரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: வ.உ.சி. ஒரு சாதியின் சொத்து.

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டிபோட்டது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1961-ல் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டியதும் இதைத்தான். ம.பொ.சி. வைத்த 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டம் மனுஷனைக் கப்பலோடு கட்டிப் போட்டுவிட்டது. தமிழன் கப்பல் ஓட்டினான் என்பதில் எல்லாச் சாதிக்கும் பெருமை; யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இடைஞ்சல் தருவது 1908 பிப்ரவரி 27. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் அன்று வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வு, வாரம் ஒருநாள் விடுமுறை, மனுஷனாக நடத்தவேண்டும் என்பதுதான் கோரிக்கை. பஞ்சுத் தூசியில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்பியவர்கள் அவர்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட ஊரில் பணம் திரட்டினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. ஆங்கில அதிகாரிகளின் அறிக்கைகளில் அதன் பிறகுதான் சுருதி மாறுகிறது. கப்பல் அவர்களுக்கு எரிச்சல். மில் வேலைநிறுத்தம் பயம். பங்கு வாங்கிய வியாபாரியைச் சமாளிக்கலாம், கூலிக்காரன் வேலையை நிறுத்தக் கற்றுக்கொண்டால் சமாளிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை நம் பார்வையில் யாரும் சரியாக எடுத்துச் சொன்னதில்லை என்பது என் குறை. கம்பெனிப் பக்கம் நின்ற ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தார். சலவைத் தொழிலாளர்கள் துணி எடுக்க மறுத்தார்கள். சுதேசி வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள்: பாதி முகத்தோடு எழுந்து ஓடிய வக்கீல். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். முடிவெட்டக்கூடாது, துணி வெளுக்கக்கூடாது, கடையில் சாமான் கொடுக்கக்கூடாது என்பது யாருடைய ஆயுதம்? ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் ஆதிக்க சாதிகள் சேரிக்கு எதிராகக் காலகாலமாக எடுக்கும் ஆயுதம். இன்றைக்கும் திருவிழா வரி கொடுக்காத குடும்பத்துக்கு, சாதி மாறிக் கல்யாணம் செய்த குடும்பத்துக்கு எதிராக எடுக்கிறார்கள். அப்போதெல்லாம் நாவிதரும் வண்ணாரும் ஊரின் உத்தரவைச் செயல்படுத்தும் கைகள் மட்டும்தான். முடிவு பண்ணையார் வீட்டுத் திண்ணையில் எடுக்கப்படும். 1908-ல் அந்தக் கைகள் தாங்களே முடிவெடுத்தன. குடிமகன் என்று ஏவப்பட்டவன், யாருக்குக் கத்தியைத் தொடுவது என்று தானே தீர்மானித்தான். சுதேசியம் என்று சொன்னால் எனக்குக் கப்பலைவிட முதலில் ஞாபகம் வருவது அந்தச் சவரக்கத்திதான்.

மார்ச் 9-ல் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் பேசினார். 12-ம் தேதி கைது. 13-ம் தேதி திருநெல்வேலி பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், கோர்ட்டு எல்லாம் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஊர் முழுக்கத் தண்டனை வரி போட்டது அரசு. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள்தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்து, கோவை, கண்ணூர் சிறைகளில் கழித்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். ஃப்ளெக்ஸில் செக்கும் உண்டு. செத்துப்போன அந்த நான்கு பேருக்கு ஃப்ளெக்ஸ் இல்லை. அவர்கள் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு ஆளை நான் இதுவரை திருநெல்வேலியில் பார்த்ததில்லை.

சரி, இப்போது நம் தோழர்களின் பக்கத்துக்கு வருகிறேன். சுதேசியத்தைப் பற்றி நமக்கு இருக்கும் சந்தேகம் நேற்று முளைத்ததல்ல. 1907 ஜூன் 19-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் அன்றைக்கே கேட்டார். சாதியை வைத்துக்கொண்டு சுயராஜ்யம் கேட்கிறீர்களே, அது யாருடைய ராஜ்யமாக இருக்கும்? வெள்ளையன் போன பிறகு எங்கள் தலையில் உட்காரப்போவது யார்? அதே வருடங்களில்தான் பாரதி 'இந்தியா' வார இதழை நடத்துகிறார். பாடப்புத்தகத்தில் 'இந்தியா' விடுதலைப் பத்திரிகை. 'தமிழன்' நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் வரவே இல்லை. பேசினாலும் வெள்ளைக்கார விசுவாசம் என்ற முத்திரையோடுதான் பேசினார்கள். இரண்டு இதழ்களையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்? அயோத்திதாசரின் கேள்விக்குச் சுதேசிகள் பதில் சொல்லவில்லை என்பதுதான் அன்றைய சுதேசியத்தின் ஆகப்பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் வாஞ்சிநாதன் வந்தான்.

1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. சனாதன தர்மத்தை மிலேச்சர்கள் மிதிக்கிறார்கள் என்பதும், மாட்டுக்கறி தின்னும் ஒருவனுக்கு இங்கே முடிசூட்டுவதா என்பதும்தான் அதன் சாரம். ஐந்தாம் ஜார்ஜ் என்பதைச் சொல்ல அவன் எடுத்த சொல் 'பஞ்சமன்'. அந்தச் சொல் அந்தக் காலத்தில் யாரைக் குறித்தது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோரல் மில் தொழிலாளியின் கூலியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இங்கே ஒரு சின்ன வேண்டுகோள். ஆஷ், பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்ரஹாரத் தெரு வழியாக வண்டியில் அழைத்துப்போனார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்ற கதையை ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் ஆட்கள் பகிர்கிறார்கள். அதற்குச் சமகால ஆவணம் ஒன்றையும் இதுவரை யாரும் காட்டவில்லை. தூத்துக்குடியில் தொழிலாளர்களுக்கும் சுதேசிக் கம்பெனிக்கும் எதிராக வேலை பார்த்த அதிகாரி அவர். அவரைப் புனிதராக்கி நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வாஞ்சியின் கடிதமே போதுமான சாட்சி. ஆவணம் நம் பக்கம் இருக்கும்போது எதற்குக் கட்டுக்கதை? எதிராளி அந்தக் கதையை உடைத்துவிட்டு, கடிதத்தையும் சேர்த்துப் புதைத்துவிடுவான்.

ஆனால் சுதேசியம் முழுவதும் வாஞ்சி இல்லை. இதைச் சொல்லத்தான் வியட்நாம் வரை போகவேண்டியிருக்கிறது. நமக்கு வியட்நாம் என்றால் ஹோ சி மின்னோடு முடிந்துவிடும். சைகோனில் நுயென் ஆன் நின் என்று ஒருவர் இருந்தார். 1900-ல் பிறந்தவர், பாரிஸில் சட்டம் படித்துவிட்டுத் திரும்பி, 1923-ல் ஒரு பத்திரிகை தொடங்கினார். 'விரிசல் விட்ட மணி' என்று அதன் பெயருக்குப் பொருள். பிரெஞ்சு மொழியில் நடத்தினார். ஏனென்றால் வியட்நாமிய மொழியில் இதழ் நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும், பிரெஞ்சு இதழுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. சட்டத்தின் சந்தில் நுழைந்து நடத்திய அந்தப் பத்திரிகையைத் தெருவில் நின்று அவரே விற்றார். திரும்பத் திரும்பச் சிறை. கடைசியில் 1943-ல் புலோ கொண்டோர் தீவுச் சிறையில் செத்தார். எனக்கு அவரிடம் பிடித்தது சிறை மட்டுமல்ல. பத்திரிகை தொடங்கிய அதே 1923-ல் சைகோன் இளைஞர்கள் முன்னால் பேசியபோது, வெள்ளையனைத் திட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடவில்லை. கன்ஃபூசியஸின் பெயரைச் சொல்லி இளைஞனைக் குனியவைக்கும் சொந்த வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்தே கேள்வி கேட்டார். அப்பன் வீட்டை விட்டு வெளியே வா என்று சொன்னார். காலனிய எதிர்ப்பும் சொந்த மரபின் மீதான விமர்சனமும் ஒரே மூச்சில் வரமுடியும் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

அதே சைகோனில் தமிழர்களும் இருந்தார்கள். வட்டிக்கடைச் செட்டியார்களை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கூட்டம் உண்டு. 1881-ம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சாதி, மதத் தனிச்சட்டத்தைத் துறந்துவிட்டதாக எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பாண்டிச்சேரி, காரைக்கால்காரர்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிறித்தவர்கள். சைகோனில் சின்னச் சின்ன அரசு வேலை பார்த்தார்கள். பெரும்பாலான வியட்நாமியருக்கு இல்லாத ஓட்டுரிமை அவர்களுக்கு இருந்தது. சைகோன் தேசியவாதியின் கண்ணுக்கு அவர்கள் வெள்ளையனின் ஓட்டு. அவர்கள் கண்ணுக்கு அந்தத் தாள், சொந்த ஊரில் ஒருநாளும் கிடைக்காத சம அந்தஸ்து. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டவர்கள் அயோத்திதாசரை 'விசுவாசி' என்று சொல்ல மாட்டார்கள்.

வ.உ.சி. நுயென் ஆன் நின் இல்லை. அப்படி நான் சொல்லவில்லை. 1908-ல் அவர் சாதியை மேடையில் வைத்து உடைத்தவரில்லை. சைவ சித்தாந்தத்தில் ஊறியவர். கடைசிவரை 'சிதம்பரம் பிள்ளை' என்றுதான் கையெழுத்துப் போட்டார். அதே நேரத்தில், பார்வையற்ற துறவி ராமையா தேசிகரை, அவர் பிறந்த சாதியைப் பொருட்படுத்தாமல் வீட்டில் வைத்துச் சோறு போட்டதையும், சொந்தக்காரர்கள் முகம் சுளித்ததையும், மனைவி வள்ளியம்மை தன் பக்கம் நின்றதையும் அவரே சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். இதை வைத்துப் புரட்சியாளர் பட்டம் கொடுக்க வேண்டாம். தனிமனிதக் கருணை சாதியை ஒழிக்காது. ஆனால் 1900-க்கு முந்தைய ஒட்டப்பிடாரத்தில், வேளாளர் வீட்டு நடையில் அது சும்மா நடக்கிற காரியம் இல்லை என்பது அந்தப் பக்கத்துத் தெருக்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சிறைக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. பங்குதாரர்கள் கப்பலை எந்தப் போட்டிக் கம்பெனியை விரட்டத் தொடங்கினார்களோ அந்தக் கம்பெனிக்கே விற்றிருந்தார்கள். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை வைத்தார், நெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியிடம் கொடுத்த பணம், கடிதத்துக்கு மேல் கடிதம் போட்ட பிறகு 347 ரூபாய் 12 அணாவாக வந்து சேர்ந்தது. அங்கே பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அவர்கள் எந்தெந்தச் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிதம்பரம் பிள்ளைக்கு அரிசி வாங்கப் பணம் கொடுத்தது இன்று ஃப்ளெக்ஸ் வைக்கும் சாதிச் சங்கங்களின் தாத்தாக்களா? வேளாளர் சமூகத்தில் அன்று வசதிக்கா பஞ்சம்? தாமிரபரணிப் பாசனத்தில் நஞ்சை எல்லாம் யார் கையில் இருந்தது?

இந்த மனிதர் பேசத்தொடங்கிய அரசியலைத்தான் சங்கங்கள் மறைக்கின்றன. 1920-ல் திருநெல்வேலியில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டவர்கள் பக்கம் நின்றார். 1927 நவம்பரில் சேலம் மாவட்ட அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பேசியது 'எனது அரசியல் பெருஞ்சொல்' என்று நூலாகவே வந்திருக்கிறது. பிராமணர், பிராமணரல்லாதார் பிரச்சினையையும் தீண்டாமையையும் அதில் சமூகச் சீர்திருத்தம் என்று ஓரமாக ஒதுக்கவில்லை, தேச விடுதலையின் கேள்வியாகவே வைத்தார். 'குடி அரசு' தொடங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பெரியார் வ.உ.சி.யைத் தனக்கு முன்னோடியாகச் சொன்னவர் என்பதை நம்மவர்களே மறந்துவிட்டோம். அயோத்திதாசர் 1907-ல் கேட்ட கேள்விக்குச் சுதேசி அணியிலிருந்து தாமதமாக வந்த பதில் என்றுதான் அந்தச் சேலம் உரையை நான் வாசிக்கிறேன். இருபது வருடத் தாமதம், அரைகுறைப் பதில். ஆனாலும் பதில். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

அந்த நூல் எந்த ஃப்ளெக்ஸிலாவது இருக்கிறதா? வகுப்புவாரி உரிமை கேட்ட வ.உ.சி. இவர்களுக்கு எதற்கு? இவர்களுக்கு வேண்டியது கோட்டும் மீசையும் 'பிள்ளை'யும்தான். 2021-ல் ஏழு உட்பிரிவுகளை தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் அழைக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தபோது, 'வேளாளர்' என்ற சொல்லை எப்படிக் கொடுக்கலாம் என்று வேளாளர் சங்கங்கள் கொதித்தன. அந்தப் பெயர்மாற்ற அரசியலைப் பற்றி எனக்கும் விமர்சனங்கள் உண்டு. அது வேறு கட்டுரை. ஆனால் வயலில் இறங்கிச் சேறு மிதித்தவன் 'வேளாளன்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டால் நிலப்பட்டாவை வைத்திருந்தவனுக்கு ஏன் வலிக்கிறது? ராமையா தேசிகருக்கு இலை போட்ட வீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு சொல்லைக்கூடப் பகிர முடியாதவர்கள், வ.உ.சி.யின் வாரிசுகளா?

எங்கள் ஊரில் இந்தக் கண்ணாமூச்சி ரொம்பப் பழையது. நம்மாழ்வார் வேளாளர் குலத்தில் பிறந்தவர், அவரைக் குருவாக ஏற்றுக் காலில் விழுந்த மதுரகவி திருக்கோளூர் பிராமணர் என்று புளியமரத்தைக் காட்டிக் கதை சொல்வார்கள். பக்தியில் சாதி இல்லை பார்த்தீர்களா என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆயிரம் வருடமாகச் சொல்லியும் அந்தக் கதை தேரோடும் வீதியைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் நடந்து வரவில்லை. தலைவனைக் கும்பிட்டுவிட்டு அவன் செய்ததைச் செய்யாமல் இருப்பதில் நாங்கள் தேர்ந்தவர்கள்.

இப்போது பஸ் கதைக்கு வருகிறேன். ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில்தான் கவர்னகிரியும் இருக்கிறது. கட்டபொம்மன் படையில் நின்று செத்த வீரன் சுந்தரலிங்கத்தின் ஊர். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை ஒரேயடியாக எடுத்துவிட்டது. 1986-ல் சிதம்பரனார் மாவட்டம் என்று பிறந்த எங்கள் மாவட்டம் அப்படித்தான் வெறும் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. அதாவது வ.உ.சி.யின் பெயரை அவர் சொந்த மாவட்டத்திலிருந்து அழித்தது வெள்ளைக்காரன் இல்லை. பக்கத்து ஊர் தலித்தின் பெயரை ஒரு தகரப் பலகையில்கூடச் சகிக்க முடியாத சாதிவெறி. இதையும் எந்தச் செப்டம்பர் 5 மேடையிலும் நான் கேட்டதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: மணியாச்சி ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்றே இருக்கிறது. அந்த ரயிலில் ஏறமாட்டோம் என்று நாங்கள் ஒருநாளும் மறித்ததில்லை.

1908-ல் தாமிரபரணிக் கரையில் கூலி உயர்வையும் சுதந்திரத்தையும் சேர்த்துப் பேசினார்கள். 1999 ஜூலை 23-ல் அதே ஆற்றின் கரையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தங்கள் ஆட்களை விடச்சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள். போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். தோட்டம் நடத்தியது பாம்பே பர்மா டிரேடிங் கம்பெனி. கோரல் மில்லை நடத்தியது ஹார்வி கம்பெனி. நடுவில் 91 வருடமும் ஒரு சுதந்திரமும் இருக்கின்றன. வ.உ.சி. இருந்திருந்தால் எந்தக் கரையில் நின்றிருப்பார் என்று ஜோசியம் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு ஜூலை 23-ல் கொக்கிரகுளத்துக்கு வந்த ஒரு வேளாளர் சங்கத்தை நான் பார்த்ததில்லை.

இது பழைய கணக்கு என்று நினைத்தால் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். கையில் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்கள் வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாவற்றுக்கும் தடை கேட்டது. கயிற்றை அறுக்கலாம். கயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும் தலைவர் படங்களை என்ன செய்வது? அந்தப் படங்கள் பிள்ளைகளுக்கு ஃப்ளெக்ஸில்தான் அறிமுகமாகின்றன. பாடப்புத்தகம் கப்பலைக் காட்டுகிறது, ஃப்ளெக்ஸ் சாதியைக் காட்டுகிறது. சேலம் உரையையும் கோரல் மில்லையும் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நாமும் 'அவர் அவங்க ஆளு' என்று ஒதுங்கிவிட்டால் அந்தப் படம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். பாபாசாகேபை நம் தெருவோடு நிறுத்திக் கூண்டு போட்டவர்கள் யாரோ, அவர்கள்தான் வ.உ.சி.யையும் அவர்கள் தெருவோடு நிறுத்துகிறார்கள்.

வ.உ.சி. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் செத்தார். அவர் எழுதிவைத்த உயிலில் ஜவுளிக்கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் கொடுக்கவேண்டிய பாக்கிகளைக் கணக்காகக் குறித்திருக்கிறார். எந்தச் சங்கத்துக்கும் அவரை அவர் எழுதிவைக்கவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்துக்குத் திரும்பவும் சிதம்பரனார் பெயரை வைக்கவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. எனக்கும் சம்மதம்தான். அடுத்த செப்டம்பர் 5-ல் அந்தத் தீர்மானத்தை மேடையில் வாசிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள் தோழர்களே: வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரையும் அதே அரசாணையில் பஸ்ஸில் திரும்ப எழுதவேண்டும். எந்தச் சங்கம் கையெழுத்துப் போடுகிறது என்று பார்ப்போம்.